மாமியாருக்கு எண்ணெய் அழுத்தம் இறங்கியபோது

அடுப்படிக் குழாய் ஒழுகுகிறது என்று இன்று ஒரு சிலிக்கோன் பசை வாங்கினேன். மூடியைத் திருகியதும் புளித்த காடி வாடை மூக்கில் ஏறியது. அழுகை வரவில்லை. உன் மேல் கோபம்தான் வந்தது. உன் தங்கை மாலினியின் கல்யாண வாரம் முழுவதும் என்னைத் தூங்கவிடாமல் அடித்தாயே, அந்தக் கோபம். நேரில் திட்ட முடியாததால் எழுதுகிறேன்.

நீ டெங்கியில் போனாய். இரண்டு பேரும் பாலிடெக்னிக்கில் எஞ்சின் படித்தவர்கள். பழைய எஞ்சின் ஒன்றைக் கடைசித் திருகுவரை கழற்றி மறுபடி பூட்டியவர்கள். கடைசியில் ஒரு கொசு. எனக்கு இது இன்னும் கணக்கில் வரவில்லை.

அந்த எஞ்சின் இருந்த கார், கோத்தா திங்கி ஊரில் உங்கள் வீட்டு முன்னால் துணி போர்த்தி நின்றது. நம்மைவிட வயதான அந்தக் காருக்கு நீ வைத்த பெயர் மாமியார். "என்ன செஞ்சாலும் ஒரு குறை சொல்லுது பாரு, அதான்" என்பாய். மாலினிக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியபோதே, "மண்டபத்துக்கு நீ மாமியார்லதான் வந்து எறங்குற. அப்புறம் நெஜ மாமியாரப் பாத்துப் பயமே இருக்காது" என்று வாக்குக் கொடுத்திருந்தாய். நீ போன பிறகும் அவள் அதை விடவில்லை. ஒரு வாரம் இருக்கும்போது எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, வண்டி ஓடுமா? ஓடாதுன்னா இப்பவே சொல்லிருங்க. பொய் மட்டும் வேணாம்."

எனக்குப் பொய் வராது என்று உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

முதல் ஓட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். கூலாய் சாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே, குலை ஏற்றிய லாரி ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டு வர, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் மெல்லச் சரிந்தது. சிவப்பு விளக்கு. ஓரங்கட்டி அணைத்தேன். சற்று நேரம் கழித்து எடுத்தால் முள் நிமிர்ந்து நிற்கிறது, ஒன்றுமே நடக்காததுபோல. வேகம் பிடித்தேன். மறுபடி விழுந்தது.

போமேன் என்று நாம் கூப்பிடும் ஊர்ப் பட்டறை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் காரின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "பேரிங் காலி தம்பி. இதப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்காதீங்க. பழைய சாமான் விக்கிற ஹாஃப்கட் கடையில ஜப்பான் எஞ்சின் ஒண்ணு கெடக்கு. தூக்கி உள்ள வச்சா சனிக்கிழமை ரெடி லா."

உன் அம்மாவும், "ஓடுனா சரிப்பா, எந்த எஞ்சினா இருந்தா என்ன" என்றார். மாலினி மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். "அந்த எஞ்சின எடுத்துட்டா அப்புறம் அதுல அண்ணன் எங்க இருக்கான்? சீட்லயா?"

அதுதான் பிரச்சினை. மூடிய எஞ்சினுக்குள் இருந்தது உன் கை. கிராங்க் தண்டின் பேரிங்குகளை நீ தனியாகப் பூட்டிய அந்தத் தீபாவளி லீவில் எனக்குச் செனாய் தொழிற்சாலையில் ஷிஃப்ட். நான் பார்க்கவில்லை. பார்க்காத வேலையை நான் நம்புவதில்லை, நீ செய்ததாக இருந்தாலும்.

முதலில் முள்ளைச் சந்தேகப்பட்டேன். வேறு அழுத்தமானி ஒன்றை நேராக எஞ்சினிலேயே பூட்டினேன். அதுவும் அதையே சொன்னது. எண்ணெய் அளவு சரி. பிறகு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பேரிங் தேய்ந்திருந்தால், சூடான எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போதுதான் அழுத்தம் குறையும். வேகம் கொடுத்தால் ஏறும். இங்கே தலைகீழ். மெதுவாக ஓடினால் நன்றாக இருக்கிறது. வேகத்தைப் பிடித்து வைத்தால் விழுகிறது. அணைத்துப் போட்டால் தேறுகிறது. அப்படியானால் பம்புக்கு எண்ணெய் போதவில்லை. ஏதோ ஒன்று உறிஞ்சும் வாயில் போய் அடைக்கிறது, உறிஞ்சல் நின்றதும் விலகிவிடுகிறது.

போமேனிடம் போய், "பேரிங் இல்ல" என்றேன். "அப்ப எஞ்சின் ரொம்ப நல்லவரு, வெளக்குதான் கெட்டவரு, இல்ல?" என்று சிரித்தார். அவருடைய ஜாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எண்ணெயை வடித்து அடித்தொட்டியைக் கழற்றினேன். டேய், என்னடா அது? ஓரம் முழுக்க உள்பக்கமாகப் பிதுங்கிய சாம்பல் நிறப் பசை, இடியாப்பம் பிழிந்துவிட்ட மாதிரி. அதிலிருந்து பிய்ந்த துண்டுகள் உறிஞ்சுகுழாயின் வலையில் தோலாகப் படிந்திருந்தன. நூல் அளவு பசை போதும் என்று உனக்குத் தெரியாதா? நானும் எத்தனை முறை சொன்னேன். "ஒழுகவே கூடாதுடா. ஒரு தடவ வழி விட்டா அப்புறம் அது நம்மள மதிக்காது" என்று சாதித்தாய்.

நீ 'அது' என்று சொன்னது எண்ணெயை அல்ல. காருக்கடியில் மல்லாந்து கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆண்டுக் கடைசி மழையில் ஆறு ஏறிய ஒரு முறை, சாமான் தூக்க உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். எல்லாரும் ஃபிரிட்ஜை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருக்க, நீ பசைத் துப்பாக்கியோடு வாசல் கதவின் அடியில் படுத்திருந்தாய். பின்கதவையும் விடவில்லை. "வரட்டும், பாத்துக்கறேன்" என்றாய். கதவு வழியாகத் தண்ணீர் வரவே இல்லை. குளியலறைச் சாக்கடைத் துளை வழியாக வந்தது. முட்டியளவு தண்ணீரில், ஒட்டிப்போன கதவைக் கடப்பாறையால் பெயர்த்துக்கொண்டு நாம் வெளியே வந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா "அலமாக்!" என்று வாயில் கைவைத்தார். வருடா வருடம் வீட்டுக்குள் ஆறு வந்து உட்காருவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. உன்னிடம் போய் நூல் அளவு போதும் என்றால் கேட்பாயா?

மாலினி அந்த வலையை வாங்கிப் பார்த்தாள். "அப்ப அண்ணன் தப்பா செஞ்சிருக்கானா?"

"ஆமா. பசை ஜாஸ்தி."

வலையில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குளிக்கிற ரூம் ஜன்னல இன்னும் தொறக்க முடியல அண்ணே. அதையும் ஒட்டிட்டுப் போயிட்டான்." சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். "சரி, அவன் செஞ்ச மத்தது?"

மற்றது. அதற்குத்தான் நானும் பயந்துகொண்டிருந்தேன். எண்ணெய் எட்டாமல் ஓடிய நேரத்தில் பேரிங் தேய்ந்துபோயிருக்கலாம். பேரிங் மூடி ஒன்றைக் கழற்றினேன். கீறல் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்து, இடைவெளி அளந்து, திரும்பவும் அளந்தேன். நான் பூட்டியிருந்தாலும் இதே அளவுதான் வந்திருக்கும். இதைவிடப் பெரிய பாராட்டு என்னிடம் இல்லை.

எல்லாவற்றையும் வழித்தெடுத்துச் சுத்தம் செய்து, என் விருப்பப்படி மெல்லியதாகப் பசை வைத்துப் பூட்டினேன். மெர்சிங் சாலையில் நெடுந்தூரம் விரட்டிப் பார்த்தேன். முள் அசையவில்லை.

கல்யாணத்தன்று பின் இருக்கையில் பட்டும் பூவுமாக மாலினி, பக்கத்தில் உன் அம்மா. "அண்ணே, அந்த முள்ளப் பாத்தது போதும், ரோட்டப் பாருங்க. பொண்ணு முழுசாப் போய்ச் சேரணும்" என்று வழிநெடுக விரட்டினாள். மண்டப வாசலில் மேளம் முழங்க இறங்கினாள். காரின் மூடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். நான் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கண்டுபிடித்தது நான். ஜெயித்ததும் நான். வழக்கமாக இந்த இடத்தில் நீ, "சரி சரி, ரொம்பப் பேசாத" என்று தோளில் குத்துவாய். நான் இன்னும் அதிகமாகப் பேசுவேன். யாராவது வந்து பிரித்துவிட வேண்டியிருக்கும்.

இப்போதும் வேலையிடத்தில் எவனாவது மிஷினைத் திறக்காமலே 'காலி' என்றால் சண்டைக்குப் போகிறேன். ஆனால் உன்னோடு பேசிப் பேசி, இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை உனக்கு இடம் விட்டே பழகிவிட்டது. அந்த இடம் வந்ததும் வாய் தானாக நின்றுவிடுகிறது. எதிரில் இருப்பவர்கள் நான் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.