கோபத்துக்கு ஒரு சிரட்டை

இன்று பள்ளிச் சமையல்கூடத்தில் புளி கரைத்த வாசம் வகுப்புவரை வந்தது. சட்டென்று உன் ஞாபகம் வந்து பாடத்தை நிறுத்திவிட்டேன். பாவி, செத்துப்போன பிறகும் என்னை நிம்மதியாகப் பாடம் நடத்தவாவது விடுகிறாயா?

அந்தச் சமையல்கூடத்தில்தானே நீ புளியங்கொட்டை பொறுக்கி வருவாய். நாம் இருவரும் சேர்ந்து ஒன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொண்ட காலம். வகுப்பு வாசலில் மூன்று தேங்காய்ச் சிரட்டைகள் வைத்தாய்: சிரிப்பு, அழுகை, கோபம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நிறம் பூசிய ஒரு கொட்டை. காலையில் மனசு எப்படி இருக்கிறதோ அந்தச் சிரட்டையில் போட வேண்டும். கோபத்தில் போட்ட பிள்ளையோடு அன்று கொஞ்சம் கூடுதலாகப் பேசுவாய். "இதென்ன, பல்லாங்குழியா?" என்று தலைமையாசிரியை கேலி செய்வார்.

ஒரு நாள் நம் வகுப்பு வள்ளி, கூடப் படிக்கும் யாழினியைக் கடித்துவிட்டாள். கையில் பல் பதிந்து கன்றிப்போயிருந்தது. கோவிலூரிலிருந்து யாழினியின் அப்பா பைக்கில் வந்து இறங்கினார்.

"பிள்ளைகளப் பாக்குறீகளா, வேடிக்கை பாக்குறீகளா? அந்தப் பிள்ளைக்கு டி.சி. குடுத்து அனுப்புங்க!"

தலைமையாசிரியை பயந்துவிட்டார். "நாளைக்குப் பிரேயர்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கட்டும். இல்லாட்டி டி.சி.தேன்." வள்ளி சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் அம்மா விடியுமுன் ஹோட்டல் வேலைக்குப் போகிறவர். வேறு பள்ளி என்றால் கொண்டுபோய் விடக்கூட ஆளில்லை.

நீ இடையில் புகுந்து, வள்ளிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாய். "மன்னிப்பு அப்பறம். மொதல்ல என்ன நடந்துச்சுன்னு அவ சொல்லட்டும்." யாழினியின் அப்பா முறைத்துக்கொண்டே நின்றார். நீ அசையவில்லை.

கடைசியில் வள்ளி சொன்னாள்: "என் கோவத்த எடுத்து இவ சிரிப்புல போட்டுட்டா டீச்சர்."

யாழினி விசும்பினாள். "அவ சிரிக்கட்டும்னுதேன் போட்டேன்."

அந்த மனிதர் ஒரு கணம் திகைத்தார். ஆனாலும் விட்டாரா? "அதுக்காகக் கடிப்பாளா?"

"கடிச்சது தப்புதேன், அண்ணே. கோவம் வரலாம், கடிக்கக் கூடாது. வள்ளி, அவளுக்கு வலிக்குதான்னு கேளு. உனக்குத் தோணும்போது கேளு" என்றாய் நீ.

வள்ளி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பைக் சாவியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தார். கேட்டுத் தொலையேன்டி என்று நான் உள்ளுக்குள் அலறினேன். பிறகு அவளாகவே போய் யாழினியின் கையைப் பிடித்து ஊதினாள். "எரியுதா?"

"லேசா."

"டி.சி. எல்லாம் வேணாம்" என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். வள்ளி அன்று ஏன் கோபமாக வந்தாள் என்பதை மாலையில் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய். என்னிடம்கூட அதைச் சொல்லவில்லை.

உன் நோயையும் அப்படித்தான் சொல்லாமல் மறைத்தாய். உன் காரியத்துக்கு வந்தவர்களெல்லாம் என்னைத் தேற்றினார்கள். "சிரிச்ச முகமா இருங்க டீச்சர், அவுக அதத்தேன் விரும்புவாக." உன்னைத் தெரியாமல் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. இன்னும் தீரவில்லையடி. அதைச் சிரிப்பாக மாற்ற யாரையும் விடப்போவதில்லை.