மதலேன், உன் திங்கட்கிழமை சரிதான்

என் அன்பு மதலேனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் உண்டா? இருந்தால் இந்நேரம் அதன் முன்னால் இடம் பிடித்திருப்பாய். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, பள்ளி லேபில் உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நான்தான் என் பையை அதில் வைத்துவிடுகிறேன்.

உனக்கொரு செய்தி. நாம் சேர்ந்து எழுதிய புரோகிராம், அதுதான், பிறந்த தேதியைக் கொடுத்தால் கிழமையைச் சொல்வது, லாஸ்பேட்டை கண்காட்சிக்குப் போய்வந்தது. உன் பாதி இல்லாமல் போயிருக்க வேண்டியது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தேதியிலிருந்து கிழமையின் எண்ணைக் கணக்கிடுவது உன் பகுதி. அந்த எண்ணுக்குரிய பெயரைத் திரையில் காட்டுவது என் பகுதி. இரண்டுக்கும் தனித்தனியாக, விடை தெரிந்தவற்றைக் கொடுத்துச் சரிபார்க்கும் சின்னச் சின்னச் சோதனைகள் எழுத வேண்டும் என்று நீ அடம்பிடித்தாயே!

"முழுசா ஒரு வாட்டி ஓட்டிப் பாத்தா ஆச்சு. இன்னாத்துக்குடி இத்தன சோதனை?" என்றேன்.

"தப்பு வந்தா யார் தலைய உருட்டறது? உன் தலையா, என் தலையா? எழுதுடி சோம்பேறி."

முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். இரண்டு பகுதிகளையும் இணைப்பதற்குள் நீ படுத்துவிட்டாய்.

கண்காட்சிக்கு முந்தைய வாரம் நானே இணைத்தேன். நம் ஊர் பிரெஞ்சு ஆட்சி முடிந்து இந்தியாவோடு சேர்ந்த 1954 நவம்பர் ஒன்றாம் தேதியை டீச்சர் கொடுத்துப் பார்த்தார். ஞாயிறு என்று வந்தது.

"அன்னிக்கு திங்கட்கிழமை. எங்கப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்" என்றவர், கொஞ்சம் தயங்கினார். "கணக்கு போடறது மதலேன் எழுதினதுதானே? பாவம், உடம்பு முடியாம எழுதியிருப்பா. அத எடுத்துட்டு நீயே புதுசா எழுதிடும்மா."

எடுத்துவிட்டால் உன்னுடையது என்று அதில் என்ன மிஞ்சும்? முதலில் உன் சோதனைகளை மட்டும் ஓட்டினேன். எல்லாம் சரி. என்னுடையவற்றை ஓட்டினேன். அவையும் சரி. தனியாக இருந்தால் இருவரும் சரி, சேர்ந்தால் தப்பு. இது எப்படி?

அன்று மாலை முதலியார்பேட்டைக்கு, உன் வீட்டுக்குப் போனேன். பிரான்ஸிலிருந்து உன் சித்தி அனுப்பிய மாதக் காலண்டர் உன் மேசைக்கு மேலே தொங்கியது. அதில் வாரம் திங்களில் தொடங்குகிறது! உனக்குத் திங்கள்தான் ஒன்று. எங்கள் வீட்டுக் காலண்டரில் ஞாயிறு முதலில் வரும். எனக்கு ஞாயிறு ஒன்று. நீ சரியாகவே ஒன்று என்று சொல்ல, நான் அதை ஞாயிறு என்று படித்திருக்கிறேன்.

"இன்னா கண்ணு, காலண்டரப் பாத்து தானா சிரிக்கிற?" என்றார் உன் அம்மா. விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அவ பண்ணது தப்பில்லயா?"

"தப்பே இல்லம்மா."

இன்னொரு முறையும் கேட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனார்.

உன் பகுதியில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. என் வாரத்தைத்தான் திங்களில் தொடங்கும்படி மாற்றினேன். இரண்டும் சேர்ந்து ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் எழுதினேன். நாம் இருவருமே விட்டுவிட்டது அதுதான். ஆனால் உன் தனிச் சோதனைகள் இல்லாதிருந்தால், உன் பகுதியை என் கையாலேயே அழித்திருப்பேன். நன்றிடி.

இனி யாரோடு சேர்ந்து எழுதினாலும், அவள் எழுதியதைத் தனியே ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவள் பதில் சொல்ல எதிரில் இல்லாவிட்டாலும்கூட. இது சத்தியம்.

உன்னோடு சண்டை போட்டே வளர்ந்த, கூடப்பிறக்காத அக்கா,
கயல்விழி
நெல்லித்தோப்பு