ரேஷ்மாவின் துப்பட்டாவும் கம்ப்யூட்டருக்குள் தூங்கிய கம்ப்யூட்டரும்

அக். 6, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மயிலாப்பூர் மொத்தத்தையும் இட்லிப் பானையில் வைத்து மூடினாற்போல. வாங்க வேண்டியவை: தக்காளி, பி.பி. மாத்திரை, குடைக்குக் கம்பி.

ராயப்பேட்டையிலிருந்து நசீர் போன். பழைய சிநேகிதன், எம்பிராய்டரி கடைக்காரன். "நைனா, உன் மிஷின் எந்திரிக்க மாட்டேங்குது. உடனே வா."

என் மிஷின்தான். அவனுடைய டிசைன் சாஃப்ட்வேர் ஒரு கிழம், பழைய காலத்துக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். அதனால் போன வருஷம் அவனுடைய புது டெஸ்க்டாப்பின் வயிற்றுக்குள் பொய்யாக ஒரு பழைய கம்ப்யூட்டரையே படைத்து வைத்தேன். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். பிரம்மாவே வந்து பாடம் கேட்டுவிட்டுப் போகலாம்.

போய்த் திறந்தால் ஒரு பிழைச் செய்தி. ஓகே அழுத்தினேன். மறுபடி செய்தி. மறுபடி ஓகே. அதையெல்லாம் படிப்பது கத்துக்குட்டிகள் வேலை.

"ஆயுத பூஜை வரைக்கும் நல்லாத்தானே ஓடிக்கினு இருந்திச்சு?" என்றான் நசீர்.

வருஷா வருஷம் அவன் கடையில் வேலை செய்பவர்கள் பூஜை போடுவார்கள், பொரி கடலை நசீர் உபயம், தலைமை விருந்தினர் நான். இந்த முறை கம்ப்யூட்டருக்கு ராஜ ஸ்நானமே செய்துவைத்தேன். மூடியைக் கழற்றி, பிரஷ் போட்டு, உள்ளே காசு மாதிரி இருந்த பேட்டரியைக்கூட எடுத்துப் பளபளவென்று துடைத்துத் திரும்ப வைத்தேன். நெற்றியில் சந்தனம், குங்குமம். பூஜைக்கு அப்புறம் இன்றுதான் கடை திறந்திருக்கிறார்கள். இவ்வளவு மரியாதை செய்தும் இந்த நன்றிகெட்ட தகரம்!

ஞாயிற்றுக்கிழமை நசீரின் மகள் ரேஷ்மாவுக்கு நிக்காஹ். கல்யாணத் துப்பட்டாவுக்கு அவளே மாசக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த மல்லிகைக் கொடி, அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்குள்.

அக். 7, செவ்வாய்

மழை. குடைக்கு இன்னும் கம்பி போடவில்லை.

விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேரைக் கழற்றி மறுபடி போட்டேன். அதே செய்தி. மெயினை அணைத்துப் போட்டேன். அதே. தலையில் ஒரு தட்டு. அதே. சரி, இதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று படைப்போம் என்று மவுஸ் அம்பை 'நீக்கு' மேல் கொண்டுபோனேன். ரேஷ்மா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"மாமா! என் டிசைன் அதுக்குள்ளதான கீது?"

"ஆமாம்."

"காப்பி எடுத்து வச்சீங்களா?"

வெளியே மழை நன்றாகப் பெய்தது.

நசீர் மெதுவாக, "விடும்மா. டி.நகர்ல ரெடிமேடா வாங்கிக்கலாம்."

"எம்பிராய்டரிக்காரரு பொண்ணு கடைத் துப்பட்டா போட்டுக்கினு உக்காந்தா நல்லாவா இருக்கும் அத்தா?" அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செய்தியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் இவள்: "நீங்க கை வச்சு எது உருப்பட்டுது? மிக்ஸி ஞாபகம் இருக்கா?" மாவீரர்கள் போர் நடுவே பேசுவதில்லை.

அக். 8, புதன்

காபிக்கு முன்னாலேயே படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது, பாவி. உள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்டும் அனுமதி பயாஸில் அணைந்திருக்கிறதாம். பயாஸ் என்றால், மிஷின் கண் விழித்ததும் முதலில் புரட்டிப் பார்க்கும் அமைப்புகள். அந்த அனுமதியைப் போன வருஷம் போட்டவன் நான். அணைத்தவன் எவன்?

படத்தில், கம்ப்யூட்டர் திரையின் மூலையில் தேதி. ரேஷ்மா பள்ளிக்கூடம் போன காலத்துத் தேதி.

பேட்டரி!

அந்தக் காசு பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் சகலத்தையும் மறந்துவிடும். ராஜ ஸ்நானத்தில் அழுக்கோடு ஞாபகமும் போயிருக்கிறது.

ஆட்டோவில் பறந்தேன். மிஷினைப் போட்டதும் டிலீட் பொத்தானை டமடமவென்று தட்டி பயாஸுக்குள் நுழைந்தேன். அனுமதி கொடுத்தாயிற்று. தேதியைத் திருத்தியாயிற்று. சேமித்து, மறுபடி எழுப்பினேன். பொய்க் கம்ப்யூட்டர் சோம்பல் முறித்துக் கண் திறந்தது. உள்ளே மல்லிகைக் கொடி, ஒரு இதழ் குறையவில்லை. இமயமலையைப் பெயர்த்து மெரினாவில் வைத்தவன்கூட அந்த நிமிஷம் என் முன்னால் பொடியன்.

முதல் காரியம், பென் டிரைவில் காப்பி. ரெண்டு.

"இன்னா மாமா கோளாறு?"

"சொன்னா உனக்குப் புரியாதும்மா. ஆழமான விஷயம்."

நசீர் என் போன் படத்தில் இருந்த பழைய தேதியைப் பார்த்தான். நான் கழற்றி மாட்டிய மூடியைப் பார்த்தான். சந்தனப் பொட்டைப் பார்த்தான்.

அக். 9, வியாழன்

வெயில். நாள் முழுக்க நசீர் கடையில் உட்கார்ந்து ஊசி ஓடுவதைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் வெள்ளி நூல், கொடி தானாக முளைக்கிற மாதிரி. இந்த ரேஷ்மாக் கழுதை வரைந்ததா இது! நான் என்ன செய்தேன், பூட்டின கதவைத் திறந்துவிட்டேன். (இது வெளியே போகக் கூடாது.)

அக். 12, ஞாயிறு

நிக்காஹ். ரேஷ்மா துப்பட்டா போட்டு வந்து உட்கார்ந்ததும் மண்டபத்துப் பெண்கள் முகத்தைப் பார்ப்பதா, ஓரத்தைப் பார்ப்பதா என்று திண்டாடினார்கள். "நானே வரைஞ்சது," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நசீர் என்னைச் சம்பந்தியிடம் இழுத்துக்கொண்டு போனான். "இவர்தான் எங்க கம்ப்யூட்டருக்கு டாக்டர்."

ஓரடி உயர்ந்தேன்.

தோளில் கை போட்டான். "வியாதியும் இவர்தான்."

கோபித்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். பிரியாணி வந்துவிட்டது.