வலது கால் சப்பாத்து

மச்சான்,

இன்று இங்கே ஆக்லாந்து ஹில்ஸ்பரோவில் பக்கத்து வீட்டுக்காரன் புல்வெட்டியின் அலகைச் சாணை பிடித்தான். இரும்பு சூடேறும் மணம் வேலி தாண்டி வந்தது. பொறுக்க முடியாமல் போய்ச் செய்து காட்டினேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் சாணையில் என்னை வெல்ல நியூசிலாந்தின் இரண்டு தீவிலும் ஆளில்லை. திரும்பி வரும்போது உன் நினைவு வந்தது. நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் உன்மேல் எரிச்சல் தீரவில்லை.

எண்பதுகளில் ஆக்லாந்து ஐஸ் அரங்கில் சறுக்குச் சப்பாத்துகளின் அடியிலுள்ள இரும்பு அலகைத் தீட்டுவது என் வேலை. நீ கனடா வெள்ளைக்காரன்; அங்கே இருபது வருஷம் ஐஸ் ஹொக்கி ஆடிக் களைத்து, கடைசிக் காலத்தில் எங்கள் அணிக்குச் சம்பளத்துக்கு வந்த தடுப்பாட்டக்காரன். முன்பல் நாலு இல்லை. முழங்கால் வீங்கிப் பலாப்பழம். ஆனாலும் நீ உள்ளே வந்தால் எல்லோரும் எழும்பி நிற்பார்கள். உன்னை ஐஸில் நிற்க வைப்பதே நான்தான் என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். என்னைப் பார்த்து ஒருவரும் எழும்பவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். நீ சாப்பிட வந்த அன்று என் மனிசி பெரிய நண்டுக்கால் இரண்டையும் உன் தட்டில் வைத்தாள்.

"அப்ப எனக்கு?"

"அவர் பாவம், அடிபட்டு வாறார். உங்களுக்கு எங்கை நொந்தது?"

எங்கே நொந்தது என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு உன் வலது சப்பாத்து அலகில், திரும்பும்போது ஐஸைப் பிடிக்கும் உள்விளிம்பை மழுக்கி வைத்தேன். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் உன்னை அடுத்த வருஷமும் வைத்திருப்பதா என்று முகாமையாளர் முடிவெடுப்பார். அது எனக்குத் தெரியும்.

முதல் திருப்பத்திலேயே வழுக்கினாய். ஐஸைச் சுற்றிய பலகையோரம் வந்து என்னைப் பார்த்தாய். உன் ஆங்கிலம் எனக்கு எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கும்.

"மச்சான், வலது கால் நித்திரை போலை."

நான் குனிந்து சாணைக்கல்லைத் துடைத்தேன். நீ திரும்பிப் போய், எதிராளி வரப்போகும் இடத்தில் முன்னமே நின்று நின்று தடுத்தாய். இருந்தும் இரண்டு தரம் விழுந்தாய். இரண்டாம் தரம் எதிரணி கோல் அடித்தது.

"காலுக்கு என்ன?" என்றார் முகாமையாளர்.

"வயசு போட்டுது" என்றாய், என் பக்கம் திரும்பாமலே.

அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிடவில்லை. என் வேலை இருந்தது.

நடக்காத எத்தனையோ கதை சொல்லித் திரிந்திருக்கிறேன், மச்சான். நடந்த இதை மனிசிக்குக்கூடச் சொல்லவில்லை. உன்னைப்போல் தெரிந்ததை ஒரே சொல்லில் மூடிவிட எனக்கு வராது. அதிலும் நீதான் வென்றாய்.

இப்போது பெரிய நண்டுக்கால் இரண்டும் எனக்குத்தான். ஒன்றை உடைக்காமல் தட்டோரம் ஒதுக்கிவிடுவேன்.

"என்னப்பா, கடிக்க ஏலாதோ?" என்பாள்.

"வயசு போட்டுது" என்பேன்.