அம்மா கொண்டுவந்த சீதனம்

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நம் வீட்டுப் பழைய தொலைபேசி எண்ணை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தேன். சரியாக வந்தது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. அம்மாவுக்கு வந்திருக்கும் மறதி நோயின் மரபணுவைத்தான் எங்கள் ஆய்வகம் தேடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வேலை செய்யும் நாங்களும் ரத்தம் கொடுத்திருந்தோம். நேற்று எங்கள் தலைவி, "உன்னோட ரிசல்ட்டும் வந்திருச்சும்மா. சொல்லவா, வேண்டாமா?" என்றார். "டீ குடிச்சிட்டு வந்துடறேன் மேடம்" என்று நழுவிவிட்டேன்.

"மறதி உங்கம்மா கொண்டுவந்த சீதனம், எனக்கு அதுல பங்கில்ல" என்று சிரிப்பீர்களே, அப்படியில்லை அப்பா. அந்த மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டாகவும் வரலாம். இரண்டு இருந்தால் ஆபத்து கூடுதல். ஆனாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை. எனக்கு இரண்டு இருந்தால் அதில் ஒன்று நீங்கள் தந்தது; என்னுடையதைப் பார்த்தால் உங்களுடையதையும் எட்டிப் பார்த்ததாகிவிடும்.

அம்மா என்னைத் திட்டுவதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். வேறு யாரோ என்று நினைத்துத் திட்டினாலும் பரவாயில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, இன்று "வேண்டாம் மேடம்" என்று சொல்லிவிடப் போகிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். உங்களைப் பற்றி அந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

உங்கள் மகள்