நாளுக்கு ஒரு தீக்குச்சி அகலம்

2ஆம் தேதி

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் நலமா? உள்ளே இருந்துகொண்டு உன் விலாவில் பந்து பழகும் அந்த மூன்றாவது ஆள் நலமா? இங்கே நானும் உன் அப்பாவும் நலம். அவர் என்னைவிட ஒரு படி கூடுதல் நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் நாலு வாக்கியம் முடிப்பதற்குள் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. இருபதாம் தேதி உனக்குப் பிரசவம், பதின்மூன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், கட்டாயம் வருகிறேன் என்றேன். ‘வர்றேன்னு சொல்லாதம்மா. வந்தா வா, அவ்ளோதான்’ என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பேன். நீ மளிகைப் பட்டியல் வாசிக்கிற மாதிரி சொன்னாய். அன்று போனை முதலில் வைத்தது நான். நானேதான்! உன் அப்பா அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

உனக்கு அப்படிச் சொல்ல உரிமை இருக்கிறது. மூன்றாம் வகுப்பு நாடகத்தில் நீ மரமாக நின்றாய். நான் அன்று ஏதோ ஓர் உள்ளரங்கில் மடக்குக் கேலரியை மடக்கத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். ‘ஊருக்கெல்லாம் உக்கார இடம் செய்யறா அம்மா, என் நாடகத்துல அவ நாற்காலி மட்டும் காலி’ என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். எட்டு வயதுக் குழந்தை பேசுகிற பேச்சா அது? எத்தனையோ டன் இரும்பை நகர்த்தியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இந்த இருபது வருடமாக இருந்த இடத்தை விட்டு நகர்த்த முடியவில்லை.

அது கிடக்கட்டும். இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. கேள்.

புது ஸ்டேடியத்துக்கு நான் வடிவமைத்த வடக்குக் கேலரி என் பிள்ளை என்று உனக்குத் தெரியும். ஆயிரத்து இருநூறு இருக்கை. ஓட்டப் பந்தயம் நடக்கும்போது சுவரோடு ஒண்டிக்கொண்டு நிற்கும். கால்பந்து என்றால் சக்கரத்தில் உருண்டு, ஓடுதளத்துக்கு மேலேயே வந்து மைதானத்தை ஒட்டி நிற்கும். கச்சேரி என்றால் பக்கவாட்டில் திரும்பும். ஒரு இருக்கை எவ்வளவு அகலம் வேண்டும் என்று பேச்சு வந்த நாளில் மொத்த ஆபீசும் மரியாதையாக என் பக்கம் திரும்பிப் பார்த்தது. நானும் எழுந்து நின்று அளவு கொடுத்தேன். பார்வையாளர்கள் என்னை வாழ்த்தத்தான் போகிறார்கள்.

பன்னிரண்டாம் தேதி திறப்பு விழா, முதல் கால்பந்துப் பந்தயம். கேலரியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி இருபத்து நாலு நாளாகிறது. நேற்றுக் காலை கோட்டுக்காரர் வந்து குதித்தார். தரையில் வெள்ளைக் கோடு போடுகிறவர். அறுபதை நெருங்குகிற மனிதர். நூல் பிடித்தாற்போல் கோடு போடுவார், பேச்சும் அப்படித்தான். கேலரியின் முன்விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி அவர் போட்ட கோடு, இப்போது நாலு விரலுக்குக் குறைவாக இருக்கிறதாம். ‘உங்க கேலரி என் கோட்டைத் திங்குதும்மா’ என்றார்.

கோணலாகப் போட்டிருப்பீர்கள் என்று, கேலரியைப் பொருத்திய ஃபிட்டர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. பூட்டிய ஸ்டேடியம், ஆள் இல்லை, காற்று இல்லை, தூக்கிவைத்த சக்கரம் தரையைத் தொடக்கூட இல்லை. மொத்த எடையும் ரப்பர் பாதங்களில் உட்கார்ந்திருக்கிறது. நாற்பது டன் இரும்பு தானாக எப்படி நகரும்? வாட்ச்மேன், பேய்தான் என்கிறார். பேய்க்கு அவ்வளவு பலம் இருந்தால் நாங்கள் மோட்டார் வாங்கியிருக்கவே வேண்டாம்.

எனக்கு மண்டை குடைகிறது. நன்றாகச் சாப்பிடு. கால் வீங்கினால் தலையணை வைத்து உயர்த்திப் படு. மாப்பிள்ளையைச் சமைக்க விடு. கெட்டுப்போனாலும் பாராட்டு, பழகிவிடும்.

அன்புடன்,
அம்மா


5ஆம் தேதி

அன்புள்ள சுண்டெலிக்கு,

பேயைப் பிடித்துவிட்டேன். பிடித்துக் கொடுத்தது உன் அப்பா என்பதைச் சொல்லக் கை கூசுகிறது.

முதலில் நான் செய்த விஞ்ஞானத்தைக் கேள். கேலரியின் ஒரு பாதத்தில் பென்சிலைக் கட்டி, அடியில் தரையில் காகிதம் ஒட்டினேன். அது நகர்ந்தால் அதுவே கோடு போட்டுக் காட்டட்டும் என்று. பிறகு இரண்டு நாள் காலையிலிருந்து பொழுது சாயும் வரை அங்கேயே தவம். முதல் வரிசையில் கொஞ்ச நேரம், கடைசி வரிசையில் கொஞ்ச நேரம். ஆயிரத்து இருநூறு இருக்கைக்கு நடுவில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்துகொண்டு தரையை வெறித்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? கூட்டிப் பெருக்க வந்த பெண் என்னிடம் மெதுவாக, ‘வீட்ல எதுவும் பிரச்சினையாக்கா?’ என்று கேட்டாள். ஆமாம், பெண் பேசமாட்டேன் என்கிறாள் என்று சொல்லிவிட்டேன். தன் டப்பாவிலிருந்து பாதி சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

காகிதத்தில் பென்சில் ஒரு குட்டிக் கோடு இழுத்திருந்தது. மத்தியானம் முன்னால் போகிறது. சாயங்காலம் பின்னால் வருகிறது. ஆனால் போன அளவுக்கு முழுதாகத் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு தீக்குச்சியின் அகலம் மிச்சம். போகிறது சரி, வருகிறது சரி, ஏன் பாதியில் நின்றுவிடுகிறது? அன்று வீட்டுக்குப் போயும் அதே புலம்பல். சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தபடி உன் அப்பாவிடம் அளந்துகொண்டிருந்தேன். அவர் பத்திரிகையை இறக்காமலே சொன்னார்: ‘நீயும்தான் ஏழு மணிக்கு நிமிர்ந்து உக்கார்ற. ஒன்பது மணிக்குப் பாதி உடம்பு தரையில கெடக்குது. எப்ப எறங்கினேன்னு உனக்கே தெரியறதில்ல. மூச்சு விட்டே எறங்கறே.’

சுண்டெலி, நான் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தேன். எழுந்தேன் என்பது கொஞ்சம் மிகை. கை ஊன்றி, இரண்டாவது முயற்சியில் எழுந்தேன். விஷயம் அதுதான்! மழைத் தண்ணீர் வடிய, தரையை மைதானத்துப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத சரிவாக அமைத்திருக்கிறோம். வெயிலில் இரும்பு நீள்கிறது. நீள்கிறபோது முன்பாதம் சரிவில் சுலபமாக இறங்குகிறது. பொழுது சாய்ந்தால் சுருங்குகிறது; சுருங்குகிறபோது முன்பாதத்தை மேலே இழுப்பதைவிடப் பின்பாதத்தைக் கீழே இழுப்பது சுலபம். கம்பளிப்பூச்சி மாதிரி. என் கேலரி மூச்சு விட்டே ஊர்ந்து போகிறது! சந்தோஷத்தில் உன் அப்பாவுக்கு மறுபடி ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். மனிதர் பயந்துவிட்டார்.

இனி எழுதப்போவது அவ்வளவு சந்தோஷமில்லை. முதல் வரைபடத்தில் கேலரியைத் தரையோடு பிடித்துக்கொள்ள இரும்பு முளைகள் இருந்தன. ஓடுதளத்தில் குழி கூடாது என்று ஓட்டக்காரர்கள் சங்கம் மல்லுக்கு நின்றது. முளை வேண்டாம், ரப்பர் பாதமே போதும் என்று சொன்ன அறிவாளி நான்தான். கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தார்கள். அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன்.

கேலரிக்குப் பின்னால், நடைபாதையிலிருந்து ஜனங்கள் ஏறி வர ஓர் இரும்புப் பலகை இருக்கிறது. அது கேலரியின் விளிம்பில் ஐந்து விரல் அகலத்துக்குத்தான் படிந்திருக்கிறது. கேலரி ஐந்து விரல் முன்னால் போனால் பலகை கீழே விழும், மேலே யார் நின்றாலும் சரி.

எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். திறப்பு விழாவுக்குப் புது கோட்-சூட் தைத்திருக்கிறார். வாரம் இரண்டு முறை போட்டுப் பார்க்கிறார். ‘இருபத்தேழு நாள்ல ஒரு விரல்தானே மேடம்? சீசன் முடிய மூணு மாசம். அதுவரைக்கும் நாலு விரல் தாங்கும். நீங்க பாதுகாப்பு அறிக்கையில கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா பொண்ணப் பாக்கப் போங்க. போடலன்னா சரிசெஞ்சு முடியற வரைக்கும் நீங்க இங்கதான் இருக்கணும்’ என்றார்.

அவர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. அல்லது நியாயமாகப் பட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. நாளுக்கு ஒரு தீக்குச்சி, ஒன்பது தீக்குச்சி ஒரு விரல் என்றால் இருபத்தேழு நாளுக்கு மூன்று விரல் நகர்ந்திருக்க வேண்டும். கோட்டருகே அளந்தால் ஒரு விரல்தான். நடுவில் மேகம் மூடிய நாட்கள் இருந்திருக்கலாம் என்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டே நாள்தான் மூடியது என்று உன் அப்பா சொல்கிறார். இவருக்கு எதற்கு இவ்வளவு ஞாபகசக்தி?

நாளை மறுநாள் கையெழுத்து. பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். உனக்குப் பிடித்த பழைய பச்சைப் போர்வையையும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா


7ஆம் தேதி

அன்புள்ள சுண்டெலிக்கு,

இன்று காலை கையெழுத்துப் போட அதே பேனாவைத் திறந்தேன். அப்போது கோட்டுக்காரர் கதவருகே வந்து நின்றார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ‘யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா’ என்று ஆரம்பித்தார். (உன்னிடம் சொல்கிறேன். நீ யாரோ அல்லவே.)

அவர் அந்தக் கோட்டை ஏற்கெனவே இரண்டு தடவை அழித்துப் போட்டிருக்கிறாராம். முதலில் கோடு போட்ட ஒன்பதாம் நாள் பார்த்தபோது ஒரு விரல் குறைந்திருந்தது. தன் கைதான் பிசகிவிட்டது என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் அழித்து, நாலு விரலுக்குத் திரும்பப் போட்டிருக்கிறார். பதினெட்டாம் நாள் மறுபடி குறைந்தது. மறுபடி அழித்தார். ‘முப்பது வருசமா கோடு போடறேன்மா. கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, பார்வையும் போச்சுன்னு நெனச்சேன். கண் டாக்டர்கிட்டப் போய்க் கண்ணாடியே மாத்திட்டேன். கண்ணாடி போட்ட பொறவும் கோடு அங்கயே நிக்கல. அப்பதான் கோவம் வந்து உங்ககிட்டக் கத்தினேன்’ என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று விரல். கணக்கு ஒத்துப்போயிற்று. பலகைக்கு மிச்சம் இருப்பது இரண்டு விரல். பதினெட்டு நாள்.

உங்கள் கை கொஞ்சமும் நடுங்கவில்லை, நடுங்கியது என் கேலரி என்றேன். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, ‘அப்ப இந்தக் கண்ணாடி தண்டமா?’ என்று கேட்டார்.

மேனேஜர் விடவில்லை. ‘மாசம் ஒரு தடவை பின்னாடி தள்ளிட்டா போச்சு மேடம்’ என்றார். முதல் மாதம் தள்ளுவீர்கள், இரண்டாம் மாதம் மறப்பீர்கள் என்றேன். அதுவும் இல்லாமல், ஆள் இல்லாதபோதே ஊர்கிற ஒன்று, ஆயிரத்து இருநூறு பேர் கோல் விழுந்து குதிக்கும்போது எவ்வளவு ஊரும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்குக் கையெழுத்துப் போட முடியாது என்றேன். அறிக்கையில் சிவப்பு மையால், வடக்குக் கேலரியில் யாரையும் ஏற்றக்கூடாது என்று எழுதினேன். என் பிள்ளை திறப்பு விழாவில் கயிறு கட்டிச் சும்மா நிற்கப் போகிறது. மூன்று வருட வேலை. கொஞ்சம் அழுதேன், கழிப்பறையில்தான், யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் மாப்பிள்ளை போன் செய்தார். டாக்டர் ஒரு வாரம் முன்னாலேயே ஆகலாம் என்கிறாராம். நீ சொல்லச் சொன்னாயா, அவராகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திரும்பி மேனேஜர் அறைக்குப் போனேன். சரிசெய்ய என்ன வேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்தேன்: பின்பக்கச் சுவரிலிருந்து எட்டு இரும்புக் கொக்கிகள். ஓடுதளத்தில் குழியே வேண்டாம். முதல் நாளே தோன்றியிருக்க வேண்டியது. கைதட்டுச் சத்தத்தில் தோன்றவில்லை. ஃபிட்டர் கொக்கி செய்வார். கோட்டுக்காரர் தினம் பென்சில் கோட்டைப் பார்ப்பார். பத்து நாள் கோடு வளராமல் இருந்தால், சான்று கொடுக்கும் அதிகாரியே வந்து பார்த்து முடிவு செய்யட்டும். ‘நீங்க இல்லாம எப்படி மேடம்?’ என்று அவர் இழுத்தார். நகர்கிறதா இல்லையா என்று பார்க்க நான் எதற்கு, ஒரு பென்சில் போதும் என்றேன். சொன்ன பிறகுதான், இதை இருபது வருடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று உறைத்தது. திரும்பி வந்தால் எனக்கு வேலை இருக்குமா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஃபிட்டரும் கோட்டுக்காரரும் பேசிக்கொள்கிறார்கள். பென்சிலை யார் சீவுவது என்று சண்டை.

திறப்பு விழாவில் முதல் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, சீட்டும் ஒட்டிவிட்டார்களாம். இந்தத் தடவை அது காலியாக இருக்கட்டும். பெட்டி கூடத்தில் நிற்கிறது. பதின்மூன்றாம் தேதி டிக்கெட்டை ஒன்பதாம் தேதிக்கு மாற்றியாயிற்று. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கடிதம் முந்துகிறதா நான் முந்துகிறேனா, பார்ப்போம். வருகிறேன் என்று சொல்லாதே என்றாய். இந்தக் கடிதத்தில் எங்காவது சொல்லியிருக்கிறேனா, தேடிப் பார்.

நீ எனக்காக ஒன்று செய். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல். சாதாரண நாற்காலி போதும், சக்கரம் வேண்டாம். அகலம் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்.

உள்ளே இருக்கும் ஆளிடம் பாட்டி சொன்னதாகச் சொல்: அவசரமே இல்லை. இரண்டே நாள். அதுவரை நாளுக்கு ஒரு தீக்குச்சி அகலம் மட்டும் நகர்ந்தால் போதும்.

நீ நன்றாக இரு, கண்ணே.

அம்மா