பெரிய எஞ்சினும் நாலு எலுமிச்சம்பழமும்

அவனியாபுரம்

அன்புள்ள தங்கப்பொண்ணுக்கு, சுடலை எழுதுவது. திருப்பூரில் நீயும் பிள்ளை தமிழ்வாணியும் சுகந்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பட்டறையில்தான் இன்றைக்கு ஒரு கண்டம் தப்பியது.

பயப்படாதே. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்குப் பெரிய எஞ்சின் மாட்டினோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பட்டறைக்காரர் காசிமாயன் அண்ணன் வண்டிக்கு முன்னால் நின்று சூடம் காட்டினார். பழத்தை நசுக்க வேண்டிய நான், பழைய எஞ்சின் நினைப்பிலேயே ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்துவிட்டேன். வண்டி பாய்ந்துவிட்டது. அண்ணன் தட்டோடு துள்ளி ஒதுங்கினார். வண்டி டயர்க் குவியலில் முட்டி நின்றது. விசை கூடினால் வேகம் கூடும் என்று எட்டாம் வகுப்பில் படித்தது கால் வரைக்கும் இறங்கவில்லை போல.

"பழத்த நசுக்கச் சொன்னா என்னய நசுக்கப் பாக்குறியே மாப்ள" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை. அவர் வேட்டியில் பம்பர் உரசிய கறுப்பு இருக்கிறது.

என் பழைய கைலியை அனுப்பு. போர்த்திக்கொள்ள உன் சேலை ஒன்றும். மதுரையில் ஏது குளிர் என்று கேட்காதே.

அண்ணன் புதுப் பழம் வைத்துவிட்டார். வண்டியைத் தொடமாட்டேன் என்றேன். அவரோ முன்னால் நிற்காமல், பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீதான் எடுக்கணும், வா மாப்ள" என்கிறார். போறேன்.

சுடலை